போர் போட்டால் போதுமா? தண்ணீர் வர வேண்டாமா!

(பூந்தமல்லியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத்! இடஒதுக்கீடு பேச வேண்டிய மேடையில் குழாயடிச் சமாச்சாரம் எதற்கு?"

நான் திருப்பிக் கேட்கிறேன். குழாயடியில் நிற்பது யார்? நம் தாய் நிற்கிறாள். நம் சகோதரி நிற்கிறாள். பள்ளிக்கூடம் போக வேண்டிய நம் பெண் பிள்ளை, லாரி எப்போது வரும் என்று குடத்தோடு காத்து நிற்கிறாள். இது சமுதாயப் பிரச்சினை இல்லையென்றால் வேறு எதுதான் சமுதாயப் பிரச்சினை? சிந்தித்துப் பாருங்கள்!

ஏரிக்கரையில் காலிக் குடம்

நாம் எங்கே குடியிருக்கிறோம்? நமக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வயலுக்குப் பாய்ச்சுவதற்காக நம் முன்னோர்கள் வெட்டி வைத்த ஏரி அது. இன்று அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2007இல் அங்கே வந்தது. வடக்கே கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம். 1944 முதல் அதுவும் சென்னைக்குத்தான். சோழவரமும் புழலும் சென்னைக்குத்தான்.

ஆக, தலைநகரம் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி நம்மைச் சுற்றியுள்ள ஏரிகளிலிருந்து போகிறது. ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய குழாய்கள் நம் ஊர்களுக்கு அடியில் போகின்றன. அந்தக் குழாய்க்கு மேலே குடியிருக்கிறவன் இருபது லிட்டர் கேனுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறான்!

நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே இருப்பவனும் மனிதன்தான். அவனுக்கும் தாகம் உண்டு. ஏரியைக் கொடுத்த ஊருக்கு ஒரு குழாய் வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

2019ஆம் ஆண்டு கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. எங்கே வந்தது? வில்லிவாக்கத்துக்கு. அம்பத்தூரிலிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி. மாலை போட்டு வரவேற்றார்கள், டிவியில் காட்டினார்கள். பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்தும் நகரத்துக்குத் தண்ணீர் எடுத்தார்கள். ரயிலில் தண்ணீர் வந்ததை நாடே பார்த்தது. லாரியில் தண்ணீர் போன கிராமத்தை யார் பார்த்தார்கள்?

அதற்கு நான்கு வருடத்துக்கு முன்னால், 2015 டிசம்பர் 1ஆம் தேதி, இதே செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து விட்டார்கள். அடையாற்றங்கரை மூழ்கியது. ஒரு வருடம் வெள்ளம், நான்கே வருடத்தில் வறட்சி! வானம் பொய்த்தது என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியுமா? வந்த தண்ணீரைப் பிடித்து வைக்க நமக்கு வழி தெரியவில்லை. ஏரியைத் தூர்த்து மனைப் பிரிவு போட மட்டும் வழி தெரிந்திருக்கிறது.

நம் தர்மம் எங்கே நிற்கிறது?

இனி நம் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வணிகர்கள் தாராளமானவர்கள். கிராமத்தில் தண்ணீர் இல்லை என்று கேள்விப்பட்டால் உடனே பணம் தருகிறார்கள். போர் போடுகிறோம். மோட்டார் மாட்டுகிறோம். சின்டெக்ஸ் தொட்டி வைக்கிறோம். 'இன்னார் நினைவாக' என்று கல் பதிக்கிறோம். திறப்பு விழா, பிரியாணி, போட்டோ. நிலையான தர்மம், ஸதகா ஜாரியா, முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இரண்டு கோடை கழித்து அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஆவடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நான் போய்ப் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கல் பளபளவென்று இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் காயில் கருகி ஆறு மாதமாம். கட்டித் தரச் செலவாகும் தொகையை யார் கொடுப்பது என்று தகராறு. கரண்ட் பில் யார் பெயரில் என்று இன்னொரு தகராறு. பக்கத்தில் வேறொருவர் போட்ட போர். அதுவும் காற்றுதான் வாங்குகிறது. அதற்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

சகோதரர்களே! கல்லைக் குடிக்க முடியுமா? நிலையான தர்மம் என்று பெயர் வைத்தோம். அது நிலைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியது யார்?

மோட்டார் கூடக் கூடத் தண்ணீர் குறையும்

பூமிக்கு அடியில் இருப்பது வற்றாத கடல் என்று நினைத்துவிட்டோம். அது வங்கிக் கணக்கு மாதிரி. மழை போடுகிறது, நாம் எடுக்கிறோம். போடுவதை விட எடுப்பது அதிகமானால் கணக்கு காலி. இது வியாபாரிகளுக்குத் தெரியாததா?

மீஞ்சூரைப் பாருங்கள். சென்னைக்காக 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆய்வு செய்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்தார்கள். நல்ல தண்ணீர் அது. நகரமும் எடுத்தது, தொழிற்சாலையும் எடுத்தது, விவசாயமும் எடுத்தது. நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க, கடல் உள்ளே வந்தது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு நீர், 1987க்குள் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதாக ஆய்வுகள் கூறுகின்றன. கடலை உள்ளே அழைத்து வந்தது யார்? நம் மோட்டார்!

'எங்கள் ஊரில் கடல் இல்லையே' என்று அம்பத்தூர்காரர்கள் சொல்லலாம். உங்களுக்குக் கழிவுநீர் இருக்கிறது. கொரட்டூர் ஏரியில் சாக்கடை கலப்பது குறித்து அந்த ஊர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஏரி கெட்டால் அதைச் சுற்றியுள்ள கிணறும் கெடும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை.

லட்சத்தீவில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே மக்கள் அநேகமாக அனைவரும் முஸ்லிம்கள். சின்னத் தீவுகள். மணலுக்கு அடியில் மழைநீர் மெல்லிய படலமாக நிற்கும், அதற்குக் கீழே கடல். பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சிக் குழாயில் விடும் திட்டத்தை நிர்வாகம் கொண்டு வந்தது. தீவுக்காரர்கள் என்ன செய்தார்கள்? 'குழாய் வருகிறது, சந்தோஷம்' என்று சும்மா இருந்தார்களா? இப்படி உறிஞ்சினால் கிணறெல்லாம் உப்பாகிவிடும் என்று கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அட்டகோயா தங்கள் வழக்கு என்று அதற்குப் பெயர். நல்ல தண்ணீர் பெறுவது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 1990இல் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம், 1991இல், சுபாஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றமும் மாசில்லாத தண்ணீர் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று கூறியது.

நம் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. கேட்பதற்கு நாம் இருக்கிறோமா?

உதுமான் (ரலி) வாங்கியது என்ன?

மதீனாவில் ரூமா கிணறு. அதன் உரிமையாளர் தண்ணீரை விலைக்கு விற்று வந்தார். வசதியில்லாதவர்கள் தவித்தார்கள். உதுமான் (ரலி) அவர்கள் அந்தக் கிணற்றை விலை கொடுத்து வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். இந்த வரலாறு நம் குழந்தைக்கும் தெரியும். ஒன்றைக் கவனித்தீர்களா? அவர்கள் புதிதாக ஒரு கிணறு தோண்டவில்லை. இருந்த கிணற்றிலிருந்து எல்லாருக்கும், என்றைக்கும், காசில்லாமல் தண்ணீர் கிடைக்க வழி செய்தார்கள்.

கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா அம்மையார் மக்காவுக்குத் தண்ணீர் கொண்டு வரக் கால்வாய் அமைத்தார். அவர் இறந்தது கி.பி. 831இல். கால்வாய் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பயன்பட்டது. எப்படி? ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் அதைப் பழுது பார்த்தார். 16ஆம் நூற்றாண்டில் உதுமானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா தன் செலவில் புதுப்பித்தார். வெட்டியவருக்கு நன்மை உண்டு. தூர் வாரியவருக்கு நன்மை இல்லையா?

ஆகவே வணிகப் பெருமக்களே, இனி யாராவது போர் போடப் பணம் கேட்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். மோட்டார் பழுதானால் யார் பொறுப்பு? கரண்ட் பில் யார் கட்டுவது? மழைநீர் திரும்ப உள்ளே இறங்க என்ன ஏற்பாடு? பதில் இல்லையென்றால், அந்தப் பணத்தை நின்றுபோன பழைய போரைச் சரி செய்யக் கொடுங்கள். உங்கள் பெயரில் கல் இருக்காது. அல்லாஹ்விடம் கணக்கு இருக்கும்.

நம்பகமான தண்ணீருக்கு நான்கு கால்

நாற்காலிக்கு ஒரு கால் உடைந்தாலும் விழுந்துவிடும். தண்ணீரும் அப்படித்தான்.

ஒன்று, ஊற்று. ஏரி, குளம், கிணறு. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். நம் வீட்டில், கடையில், பள்ளிவாசலில் அந்தக் குழி இன்று மண் மூடிக் கிடக்கவில்லையா? ஒருவர் உளூச் செய்ய 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வக்துக்கும் 200 பேர் வந்தால் நாளைக்கு 5,000 லிட்டர். அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது. மணல், ஜல்லி போட்ட ஒரு குழி வழியாக அது பூமிக்குத் திரும்பலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள். ஒரு லிட்டருக்கும் குறைவு! நாம் குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு, தொட்டி. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும், கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும். உங்கள் ஊர்த் தொட்டியில் எந்தத் தேதி எழுதியிருக்கிறது? போய்ப் பாருங்கள்.

மூன்று, ஆள். மோட்டார் போடுபவர், குளோரின் கலப்பவர். ஊரே அந்த ஏழை ஆபரேட்டரை நம்பித்தான் இருக்கிறது. அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா? பிளீச்சிங் பவுடர் கையில் இருக்கிறதா? அவரைத் திட்டுவதற்கு முன் இதை விசாரியுங்கள்.

நான்கு, பரிசோதனை. இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாதபோது 2,000 வரை. நைட்ரேட் 45ஐத் தாண்டக் கூடாது. குழாய் முனையில் குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள். கடையில் விற்கும் டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. மீட்டரில் நல்ல எண் வந்த தண்ணீரிலும் டைபாய்டு வரலாம். ஆய்வகத்தில் கொடுத்தால்தான் கிருமி தெரியும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்காவது பரிசோதனைப் பெட்டியும் பயிற்சியும் தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார்? நம் பெண்கள் அதில் ஏன் இருக்கக் கூடாது?

யார் கதவைத் தட்டுவது?

அலைந்து திரிந்து, தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துத் திரும்புகிறவர்கள் நம்மில் அதிகம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அங்கே சென்னைக் குடிநீர் வாரியத்திடம் கேளுங்கள். ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. அங்கே அந்த மாநகராட்சி. நகராட்சி எல்லைக்குள் இருந்தால் நகராட்சி. கிராமமாக இருந்தால் ஊராட்சி. அதற்கு மேல் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். 1992இன் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீரை ஊராட்சியின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. யாரும் போடும் பிச்சை அல்ல இது.

கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022இல் எடுத்த முடிவின்படி மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து வருடத்துக்கு ஆறு நாள். மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால் சபை செல்லும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். ஒரு நிக்காஹ் விருந்துக்கு இதை விட அதிகம் பேர் வருகிறோம்! ஆறு நாளில் ஒரு நாளாவது நம் ஜமாஅத்திலிருந்து பத்துப் பேர் அங்கே போய் உட்கார்ந்ததுண்டா?

என்ன கேட்பது? ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதினெட்டுக் குடம். உங்கள் தெருவில் எத்தனை குடம் வருகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது.

கேட்கும்போது நம் தெருவுக்கு மட்டும் கேட்காதீர்கள்! பள்ளிவாசல் தெருவுக்கு ஒரு குழாய், காலனிக்கு ஒன்றுமில்லை என்றால் அது நீதியா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்த கொடுமை நாட்டையே தலைகுனிய வைத்தது. தண்ணீரில் தீண்டாமை பார்க்கும் ஊரில் எவருக்கும் நல்ல தண்ணீர் நிலைக்காது. காலனிச் சகோதரனை முன்னால் நிறுத்தி நாம் பின்னால் நின்று கேட்போம்.

வணிகர்களே, கணக்குப் போடுங்கள்

ஒரு கேன் 35 ரூபாய் என்று வையுங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 15 கேன். 525 ரூபாய். வருடத்துக்கு 6,300 ரூபாய். 200 வீடுள்ள தெருவுக்கு வருடம் 12 லட்சத்து 60 ஆயிரம்! அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் தெரு, தனக்கு உரிமையான தண்ணீருக்காக இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறது. ஊராட்சித் தொட்டி ஒழுங்காக இருந்தால் இதில் பாதிப் பணம் பிள்ளைகளின் படிப்புக்குப் போகும்.

நம்மில் கேன் வியாபாரம் செய்பவர்கள் உண்டு, லாரித் தண்ணீர் விற்பவர்களும் உண்டு. உழைத்துச் சம்பாதிப்பதை யாரும் குறை சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கேனில் இருக்கட்டும். 1987ஆம் ஆண்டு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும் ஊர்களில் தண்ணீர் எடுக்கவும் லாரியில் ஏற்றவும் அனுமதி வேண்டும். அதைப் பெறுங்கள். பக்கத்துக் கிணறு வற்றுகிறது என்று கிராமத்தார் சொன்னால் மோட்டாரை நிறுத்துங்கள். தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைத் தடுத்து வைப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கும்போது, அடுத்தவன் கிணற்றை வற்ற வைத்து விற்கும் காசில் பரக்கத் வருமா?

இளைஞர்களே, உங்களுக்கு வேலை

கோஷம் போடத் தெரியும் உங்களுக்கு. இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் ஊரில் எத்தனை போர், எத்தனை ஓடுகிறது, எத்தனை நின்றுவிட்டது, எழுதுங்கள். தொட்டி கழுவிய தேதியை மாதம் இருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் வந்த நாளையும் நேரத்தையும் குறியுங்கள். மழைக்கு முன் பள்ளிவாசல் குழியைத் தூர் வாருங்கள். மூன்று மாதம் குறித்த அந்த நோட்டு, முப்பது பேர் போடும் கோஷத்தை விட அதிகாரி முன்னால் உரக்கப் பேசும்.

இது சலிப்பூட்டும் வேலை. இதற்கு மாலை விழாது, பேப்பரில் போட்டோ வராது. ஆனால் ஒரு கிராமத்துப் பெண் காலையில் குழாயைத் திறக்கும்போது தண்ணீர் வருகிறது, நேற்றும் வந்தது, நாளையும் வரும் என்றால், அந்த தர்மம்தான் நிலைத்தது.

அடுத்த கிராம சபைக்குள் ஒவ்வொரு ஜமாஅத்தும் நின்றுபோன ஒரு போரையாவது ஓட வைத்துவிட்டு, கையில் அந்த நோட்டோடு போய் உட்காருங்கள். இன்ஷா அல்லாஹ், பதில் சொல்லாமல் யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.